டோக்கன் அவசரம்

ஆவடி–செங்குன்றம் சாலையில் வெள்ளானூர் பக்கம் வீடு பார்க்கப் போனால், "இன்னொரு பார்ட்டி டோக்கன் போட ரெடியா இருக்காங்க சார்" என்று தரகர் சொல்லாமல் விடமாட்டார். அந்தப் பார்ட்டியை யாரும் பார்த்ததில்லை. வெளிவட்டச் சாலை வந்த இடத்தில் விலை ஏறுவது புரிகிறது. நமக்கு ஏன் கை பதறுகிறது? இங்கே பதறினால் ஆபத்து: 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில் சுவரோடு சுவராக நாலு வீடு கட்டி விற்பவருக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவே கட்டாயமில்லை. ஆகவே சரிபார்ப்பது முழுக்க வாங்குபவர் தலையில். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வக்கீல் பார்க்கும்வரை பொறுக்காத வீட்டை அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.