சர்வீஸுக்குப் போன வண்டியும் கூடவே வந்த கோடும்

"பத்துக்குப் பத்து போடுங்க சார், கம்பெனிலேர்ந்து போன் வரும்" என்று சர்வீஸ் அட்வைசர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். வலது பக்கப் பின்கதவில் ஒரு ஜாண் நீளத்துக்கு வெள்ளைக்கோடு. நம்ம வண்டி கருநீலம். ராகுகாலத்தில் வாங்கினாலும் வெயிலில் நிறுத்தினால் எல்லாம் தெரியும்.

"இது முன்னாடியே இருந்துச்சு சார்."

இந்த வசனத்தைக் கேட்காத கார்க்காரர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நானும் ரெண்டு தடவை இதைக் கேட்டுவிட்டு, பேசாமல் பில்லைக் கட்டி வந்தவன்தான். இந்த முறை ஜாப் கார்டை எடுக்கச் சொன்னேன். வண்டியை உள்ளே விடும்போது அதில் கார் படம் போட்டு, நம்ம வண்டியில் இருக்கிற ஒவ்வொரு கீறலையும் பேனாவால் குறித்து நம்மிடம் கையெழுத்து வாங்குவார்கள் இல்லையா? முன் பம்பரில் ரெண்டு இடம் குறித்திருந்தது. பின்கதவில் ஒண்ணுமில்லை.

உடனே அடுத்த அஸ்திரம்: "ரப்பிங் போட்டா போயிடும் சார்."

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கார் பெயின்ட் என்பது ஒரே பூச்சு இல்லை. தகரத்தின் மேல் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் கலர், கடைசியாகக் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான், அதாவது நம்ம தலைமுடியை விட மெலிசு. ரப்பிங் போடுவது என்றால் கோட்டை அழிப்பது இல்லை, சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைத் தேய்த்துக் கோட்டின் ஆழத்துக்குக் கொண்டுவருவது. நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லையென்றால் பாலிஷில் போய்விடும். மாட்டினால் ஆழமான கீறல். அதைத் தேய்க்கத் தேய்க்க இருக்கிற பாதுகாப்பும் போகும். எனக்கு நகம் நன்றாகவே மாட்டியது.

மூணாவது அஸ்திரம்: "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார், உங்களுக்குச் செலவே இல்ல." யார் சொன்னது? 1500 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 1000 ரூபாய் நம்ம கையிலிருந்து போகும். அது போகட்டும். கிளெய்ம் பண்ணாததற்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் ஆரம்பித்து வருஷா வருஷம் ஏறி 50 வரைக்கும் போகும். ஒரு கிளெய்ம் போட்டால் அத்தனையும் சைபர். அவங்க போட்ட கோட்டுக்கு நான் அஞ்சு வருஷம் சேர்த்ததைக் கொடுக்கணுமாம்!

மேனேஜர் வந்தார். "வாட்டர் வாஷ் பையன் வேலை சார் இது. அவன் சம்பளத்துல பிடிச்சிடறோம்" என்றார். தள்ளி நின்றிருந்த பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். வடக்கேயிருந்து வந்தவன். கையில் ஒரு துணி, பக்கத்தில் ஒரு பக்கெட், தண்ணீர் காபி கலரில் இருந்தது. அன்றைக்கு எத்தனை வண்டியை அந்தத் தண்ணீரிலேயே துடைத்தானோ. மண் கலந்த துணி என்றால் உப்புத்தாள் மாதிரிதானே? மாற்றுத்துணி கொடுக்காதது அவன் தப்பா?

மக்களே, நான் சொல்ல வந்தது இதுதான். நம்மில் பாதிப்பேர் "பாவம், அந்தப் பையன் தலையில் விழும்" என்று விட்டுவிடுகிறோம். மீதிப்பேர் அந்தப் பையனைப் பிடித்துக் கத்துகிறோம். ரெண்டிலும் தப்பிப்பது கம்பெனிதான். நான் சாவியைக் கொடுத்தது கம்பெனியிடம். பில் போடுவதும் கம்பெனி. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவே, பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவர் தன் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ளணும் என்கிறது. "உரிமையாளர் பொறுப்பில்" என்று போர்டு மாட்டினால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். 1998ல் டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் நிறுத்தக் கொடுத்த மாருதி ஜென் திருடு போன வழக்கில், அந்த வாசகம் கவனக்குறைவுக்குக் கவசம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லிவிட்டது.

மேனேஜரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, கதவைக் கம்பெனி செலவில் பெயின்ட் அடித்துத் தரணும், அதை ஜாப் கார்டில் எழுதித் தரணும். இரண்டு, அந்தப் பையன் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. இல்லையென்றால் 1915க்குப் போன் போடுவேன், அப்புறம் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் கிடையாது. கடைசியாக, "கம்பெனிலேர்ந்து போன் வரும்னு சொன்னீங்களே, நானும் காத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். சட்டத்துக்கு அசையாத மனுஷன் அதற்கு அசைந்தார் :-)

ரெண்டு நாளில் கதவு சரியாகி வந்தது. பையன் சம்பளம்? "பிடிக்கல சார்" என்றார்கள். நம்பத்தான் வேண்டியிருக்கிறது. அதை மட்டும் எழுதி வாங்காமல் விட்டது என் தப்பு.

இப்போதெல்லாம் வண்டியை விடும்போது சுற்றி வந்து ஒரு நிமிஷம் வீடியோ எடுக்கிறேன். எடுக்கும்போது அட்வைசரும் ஃபிரேமில் இருக்கணும். திரும்ப வாங்குவது பகலில்தான், பார்த்த பிறகுதான் கையெழுத்து. ரொம்ப அழுக்கில்லாத நாளில் "வாஷ் வேண்டாம்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே ரெண்டு பக்கெட் தண்ணியோடு இறங்கிவிடுகிறேன்.

"வீட்டுப் பாத்திரத்தை இப்படித் தேய்ச்சிருந்தா புண்ணியமா போயிருக்கும்" என்கிறார் தங்கமணி. அதற்கு மட்டும் என்னிடம் எந்தப் பிரிவும் இல்லை.