பால் பீய்ச்ச ஓர் அறை

"இவ்வளவுதானா?" சீம்பாலைப் பார்த்ததும் மாமியார்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். அரை டீஸ்பூன்கூட இருக்காதுதான். 30 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அதுவே பெரிது. குடலை அரிக்கும் கொடிய நோயின் ஆபத்தைத் தாய்ப்பால் குறைக்கிறது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒருசேரச் செய்யக் கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரமாகும், அதுவரை டியூப்தான். தாயோ ராத்திரியிலும் மூன்று மணிக்கொரு தரம் பீய்ச்ச வேண்டும், விட்டால் பால் வற்றும்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியரான எனக்குக் கோபம் இதில்தான்: தையல் ஆறாத உடம்போடு அவள் வராந்தா தரையில், முந்தானையால் மறைத்துக்கொண்டு பீய்ச்சுகிறாள். 2015-லேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் இது. (சில பூட்டிக் கிடப்பது வேறு கதை.) இன்குபேட்டர் வாங்கப் பணம் ஒதுக்கும்போதே, பக்கத்தில் கதவுள்ள ஓர் அறை, சாய்ந்து உட்கார நாற்காலி, மின்பம்பு, குளிர்பெட்டி, தாய்க்கு வேளாவேளைக்குச் சோறு, இவற்றுக்கும் ஒதுக்குங்கள்.