பன்னிரண்டு வகுப்பும் உரிமையாக வேண்டும்

தனவான் வீட்டுப் பிள்ளைகள் மேல்நிலைப் படிப்பை முடிக்கிறார்களா என்பது யாரும் கவலைப்படத் தேவையில்லாத விஷயமாகவே முதலில் தோன்றும். ஆயினும் பல தேசங்களையும் ஒருசேர வைத்து நோக்கும்பொழுது, ஒரு சர்க்கார் கல்வியில் தன் கடமையை எவ்வளவு தூரம் நிறைவேற்றியிருக்கிறது என்பதை அந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. யுனெஸ்கோ ஸ்தாபனம் வெளியிட்டுவரும் கல்வி ஏற்றத்தாழ்வுக் கணக்கில், ஒவ்வொரு நாட்டின் குடும்பங்களும் செல்வ நிலைப்படி ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. நைஜர், சாட் முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் செல்வம் மிகுந்த பகுதியிலேயே பெரும்பாலோர் மேல்நிலைக் கல்வியை முடிப்பதில்லை. கையில் பொருள் இருந்தும், அருகில் பள்ளியும் பாடம் சொல்ல உபாத்தியாயரும் போதாத நிலை அது. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் செல்வர் மக்களும் ஏழை மக்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே முடிக்கிறார்கள். நம் பாரத தேசமோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் கடைசி இரண்டு வகுப்புகளில் யார் உட்காருவது என்பதைப் பெரும்பாலும் பெற்றோரின் வசதியே தீர்மானிக்கிறது.

செல்வர் என்று இத்தகைய கணக்குகள் யாரைக் குறிக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். நம் தேசியக் குடும்ப நல ஆய்வில் வீட்டு வருமானத்தைக் கேட்டுச் செல்வத்தை நிர்ணயிப்பதில்லை. தரை மண்ணா சிமெண்டா, கழிப்பறை உண்டா, மின்விசிறி, பிரஷர் குக்கர், தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள் உண்டா என்று கேட்டு எழுதி, அவற்றைக்கொண்டே வகுக்கிறார்கள். ஆகவே மேல் பகுதியில் கோடீசுவரர்கள் மட்டும் அல்லர். திருப்பதியில் குடியிருக்கும் ஒரு பாங்கு குமாஸ்தாவும், சித்தூர்க் கடைவீதியில் நடுத்தரமாக வியாபாரம் செய்பவரும் அதில் வந்துவிடக்கூடும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிப்பை முடிப்பது பிறவி மேதாவிலாசத்தால் அன்று. பத்தாவது முடிந்தவுடனே, 'கார்ப்பரேட் காலேஜ்' என்று ஜனங்கள் சொல்லும் தனியார் ஜூனியர் கல்லூரிக்குப் பணம் கட்டி விடுதியில் சேர்க்க அவர்களுக்கு இயல்கிறது. பரீட்சையில் ஒருமுறை தவறினாலும், மறுமுறை எழுதும்வரை பிள்ளையின் சம்பாத்தியத்தை எதிர்பார்க்காமல் சோறு போட இயல்கிறது. அவ்வளவே. இவ்வளவு சாதாரணமான ஆதரவினால் கைகூடும் ஒன்றை, மற்றப் பிள்ளைகளுக்கு அசாத்தியம் என்று சொல்வதை நாம் ஒருநாளும் ஒப்புக்கொள்வதற்கில்லை.

2022 வரை ஒரே ஜில்லாவாக இருந்த சித்தூரும் திருப்பதியும் வித்தையில் வறண்ட பிரதேசம் அல்ல. 1954-ல் ஸ்ரீ வெங்கடேசுவரா சர்வகலாசாலை, 1983-ல் பத்மாவதி மகளிர் சர்வகலாசாலை, 2015-ல் ஐ.ஐ.டி. என்று உயர்கல்வி ஸ்தாபனங்கள் திருப்பதியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தேவஸ்தானமும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்திவருகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு இடையில் ஒரு பள்ளம் கிடக்கிறது. தமிழ்நாட்டில் 1978 முதல் பள்ளியிலேயே பிளஸ் டூ நடக்க, ஆந்திரத்தில் பத்தாவதோடு பெரும்பாலான பள்ளிகள் முடிந்துவிடுகின்றன. இன்டர்மீடியட் படிக்க வேறோர் ஊரிலுள்ள ஜூனியர் கல்லூரியைத் தேடிப் போக வேண்டும். பஸ் வராத கிராமத்துப் பெண் குழந்தைக்கு அதுவே படிப்பின் முடிவாகி, கல்யாணப் பேச்சின் தொடக்கமும் ஆகிவிடுகிறது. நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறி, மாம்பழக் காலத்தில் மாங்கூழ்த் தொழிற்சாலை என்று பையனுக்குக் கூலி கிடைக்கும் இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழில் படித்து வந்த பிள்ளைகள் பலருக்கோ, இன்டரில் திடீரென்று தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பாடம் கேட்க நேரும் இடர் வேறு.

சட்டமும் இந்தப் பள்ளத்தின் விளிம்பிலேயே பிள்ளையைக் கைவிடுகிறது. 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைக்குமே இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயதைக் கடந்தவர்களை அபாயகரமான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகிறது. படிக்கும் உரிமை தீருகிற அதே வயதில் வேலைக்குப் போக அநுமதி பிறக்குமானால், ஏழைப் பெற்றோர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை ஊகிக்க விசேஷ ஞானம் வேண்டியதில்லை.

ஆந்திர சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்பது அநியாயமாகும். 2020 ஜனவரி 9-ல் சித்தூரில்தான் 'அம்ம ஒடி' தொடங்கப்பட்டு, பிள்ளையைப் படிக்கவைக்கும் ஏழைத் தாய்க்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று இன்டர்மீடியட் வரை அறிவிக்கப்பட்டது; ஆட்சி மாறியபின் 2025-ல் அதுவே 'தல்லிகி வந்தனம்' என்னும் பெயரில், வீட்டில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்று விரிந்தது. நல்ல காரியம், தொடர வேண்டும். எனினும், கல்லூரி இல்லாத மண்டலத்தில் பணம் கல்லூரியை உண்டாக்கிவிடாது. மேலும், ஒரு கட்சி அளிப்பதை மற்றொரு கட்சி நிறுத்தலாம். உரிமையாகிவிட்டதை அவ்வாறு எளிதில் நிறுத்த முடியாது.

திறமை உள்ள ஏழை எப்படியும் மேலே வந்துவிடுவான் என்று வாதிப்பவர்கள் டாக்டர் ராதாகிருஷ்ணனை எடுத்துக்காட்டுவது வழக்கம். 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணியில் 1888-ல் பிறந்த அவர், திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும் பின்னர் வேலூரிலும் சென்னையிலும் படித்தார். அந்தப் படிப்பைத் தாங்கியது உபகாரச் சம்பளம். அவருடைய சரித்திரம் எதிர்வாதத்துக்கு அன்று, நம் கட்சிக்கே சாட்சியாகிறது.

கல்வி 1976 முதல் மத்திய, மாநில சர்க்கார்கள் இரண்டுக்கும் பொதுவான அதிகாரப் பட்டியலில் இருப்பதால், ஆந்திர சட்டசபை டில்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வியை உரிமையாக்கும் சட்டத்தைத் தானே இயற்றலாம். 2022-ல் சில உயர்நிலைப் பள்ளிகளில் 'ஹைஸ்கூல் பிளஸ்' என்று திறக்கப்பட்ட இன்டர் வகுப்புகளை, அவற்றுக்கென்றே ஆசிரியர்களை நியமித்து, மலையோர, எல்லையோர மண்டலங்கள் அனைத்துக்கும் விரிக்க வேண்டும்; சத்தியவேட்டிலும் நகரியிலும் குப்பத்திலும் தமிழ்வழி வகுப்பும், பெண்களுக்கு விடுதியும் சேர்ந்தே வர வேண்டும். எல்லாச் சிறுவர் சிறுமியரும் மேல்நிலைக் கல்வியை முடிக்கச் செய்வதாக இந்தியா உட்பட உலக நாடுகள் 2015-ல் ஏற்ற கெடு 2030. இன்று எட்டாவதில் இருக்கும் பிள்ளைக்கும் அந்தக் கெடு பயன்பட வேண்டுமாயின், அடுத்து வரும் பட்ஜெட் கூட்டத்தொடரிலேயே மசோதா வந்தாக வேண்டும்.