காந்தத்துக்கு விரக்தி உண்டோ?

ஒலுவில் மாணவர் ஒருவர், காந்தவியலில் வழங்கும் ‘பிரஸ்ரேசன்’ என்னும் சொல்லை ‘விரக்தி’ எனத் தமிழாக்கிக் கொணர்ந்தார். அகராதி அவ்வாறே கூறும். பொருளோ அதனை ஏற்காது. பண்டிதனாகிய யான் அப்பொருளை அவரிடமே கேட்டறிந்தேன்.

1969ஆம் ஆண்டில் மஜும்தார், கோஷ் என்னும் இந்திய அறிஞர் இருவர் ஆராய்ந்த காந்தச் சங்கிலியை நோக்குக. அதில் ஒவ்வோர் அணுவின் சுழலும் அயற்சுழலுக்கு எதிர்முகமாக நிற்க விழையும். அதற்கு அடுத்த சுழலுக்கும் எதிர்முகமாகவே நிற்க விழையும். மூன்று சுழல்கள் ஒன்றுக்கொன்று முற்றும் எதிராதல் எங்ஙனம் கூடும்? இது விரக்தியன்று; இக்கட்டு.

இக்கட்டுற்ற சுழல்கள் சோர்ந்தொழிவதில்லை. அடுத்ததன் பிணைப்பு வலிமை, அயற்பிணைப்பு வலிமையில் ஏறத்தாழ 0.24 பங்கைக் கடந்ததும், அவை இரண்டிரண்டாய் இணை சேரத் தலைப்படுகின்றன. சரிபாதியாகும்போது அவ்விணைகள் முழுமையுறும் என்பதே அவ்விருவரும் கண்ட முடிபு. வெப்பம் அறவே நீங்கிய தனிப்பூச்சியத்திலும் நிகழ்தலின், இது சக்திச்சொட்டு நிலைமாற்றம் எனப்படும்.

‘விரக்தி’ எனக் கற்கும் மாணவன் அவ்வளவில் நின்றுவிடுவான். ‘இக்கட்டு’ எனக் கற்பவனோ, அதனின்று மீளும் வழி யாதென வினவுவான். ஆதலின், கலைச்சொல்லாக்கத்திற் பண்டிதரும் பௌதிக ஆசிரியரும் ஒருங்கே அமர்தல் வேண்டும். தனித்தனியே அமர்ந்து ஆக்கிய சொற்களால் இடர்ப்படுவோர் நம் மாணவரே.