கிளையும் வரம்பும்

சங்கரன்கோவில் என்றதும் ஆடித் தபசும் கோமதியம்மன் சந்நிதியும் புற்று மண்ணுமே நேயர்களின் நினைவுக்கு வரும். இவ்வாரம் நாம் அவ்வூர்ப் பூச்சந்தையில் சற்று நிற்கப் போகிறோம். கணித சாஸ்திரத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்க வேண்டாம், இருக்கிறது.

பூ வியாபாரி ஒருவர் மல்லிகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம், கோவில்பட்டி, தென்காசி, திருநெல்வேலி முதலான பத்து ஊர்களுக்குச் சென்று திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த வரிசையில் சென்றால் தூரம் மிகக் குறையும்? வரிசைகள் மொத்தம் 36,28,800. வினாடிக்கு ஒன்றாக இரவு பகலாய்ப் பரிசீலித்தாலும் 42 நாட்கள் ஆகும். ஊர்கள் பதினைந்தானாலோ நாற்பதினாயிரம் வருஷங்களுக்கு மேல் செல்லும். அதுவரை மல்லிகையின் கதி என்ன!

ஆகவே, பாராமலே தள்ளுவதற்கு வழி வேண்டும். தள்ளியவற்றுள் சிறந்தது அகப்பட்டுப் போகவில்லை என்ற நிச்சயமும் வேண்டும்.

வியாபாரியின் கையில் 300 கிலோ மீட்டரில் முடியும் வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறதென்போம். முதலில் வடக்கே ராஜபாளையம், அடுத்தபடி தெற்கே திருநெல்வேலி என்று தொடங்கும் கிளையை எடுத்துக்கொள்வோம். அதற்குள்ளேயே 120 ஆகிவிட்டது. இனிப் புறப்பட வேண்டிய ஒவ்வோர் ஊரிலிருந்தும் மிகக் கிட்டிய ஊருக்குள்ள தூரத்தை மட்டும் கூட்டினால் 190 வருகிறது. ஆக 310. மீதி எட்டு ஊர்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் இதற்குக் குறையாது. ஆதலால் அக்கிளையிலுள்ள 40,320 வரிசைகளையும் ஒரே வெட்டில் தள்ளிவிடலாம். (தூரங்கள் உதாரணத்துக்காக நாம் இட்டவை, மைல் கல்லுடன் ஒப்பிட்டு எமக்குக் கடிதம் எழுத வேண்டாம்.)

லண்டன் பொருளாதாரக் கல்லூரியைச் சேர்ந்த ஏல்ஸா லாண்ட், அலிஸன் டாய்க் என்னும் இரு பெண்மணிகள் 1960-ல் இம்முறையை வெளியிட்டனர். 'கிளையும் வரம்பும்' என்ற பெயரை அதற்கு வழங்கியது, 1963-ல் நால்வர் சேர்ந்து எழுதிய கட்டுரை. அந்நால்வருள் ஒருவர் கட்டா ஜி. மூர்த்தி, ஆந்திர நாட்டவர், கல்கத்தாவில் மஹலநோபிஸ் ஸ்தாபித்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயின்றவர். நாற்பது ஊர்க் கணக்கை ஐ.பி.எம். 7090 யந்திரத்தில் சராசரி எட்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் அவர்கள் தீர்த்தார்கள். இம்முறையைப் பயிலும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

முறையின் உயிர்நிலை வரம்பில் இருக்கிறது. வரம்பு ஒருபோதும் உண்மைக்கு மேல் போகலாகாது; போனால் சிறந்த வழியே வெட்டுண்டு விழும், விழுந்ததும் தெரியாது. மிகவும் குறைத்துக் கட்டினாலோ ஒரு கிளையும் விழாது. முழுக் காட்டையும் சுற்ற வேண்டியதுதான். பாடப் புத்தகத்துச் சூத்திரத்தை ஒப்பிக்கும் மாணவர் பலர் இவ்விடத்தில்தான் இடறுகிறார்கள் என்பது எமது அபிப்பிராயம்.

கிட்டிய ஊருக்கு முதலில் போ என்னும் சுலப வழியும் உண்டு. அது நல்ல பாதையைக் கொடுக்கலாம். எவ்வளவு நல்லது என்று சொல்லாது. கிளை முறையோ, பாதியில் நிறுத்தினாலும், "கையிலுள்ளது 300, 285-க்குக் கீழே எவராலும் இயலாது" என்று கணக்குக் காட்டும். அவ்வளவு தெரிந்தால் போதும். மிச்சமுள்ள பதினைந்து கிலோ மீட்டருக்காக வியாபாரி காத்திராமல், விடியுமுன் வண்டியைக் கிளப்பிவிடலாம்.