வேட்டியைப் பார்த்து வெளிச்சம் வை

கேமரன் மலைமேல் கல்யாணம் வைப்பது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இறங்கிப்போன தோட்டத்துப் பிள்ளைகள், தாத்தா பாட்டி கொழுந்தெடுத்த மலையில்தான் தாலி கட்டுவோம் என்று தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் திரும்பி வருகிறார்கள். அவர்களோடு போட்டோ பூத்தும் மலையேறிவிட்டது. வரவேற்பில் பந்திக்கு அடுத்தபடி வரிசை நீளுவது அதன் முன்னால்தான்.

புதிதாகப் பூத் தொழிலில் இறங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, ஒவ்வொரு மண்டபத்துலயும் லைட்டு ஒவ்வொரு மாதிரி இருக்கு. பேசாம கேமராவை ஆட்டோவுலயே விட்டுடவா?"

விடக்கூடாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், ஆள் மீது பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. தன் எதிரே இருப்பது எதுவானாலும் மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்பது அதன் கணக்கு. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளைத் தோழர்கள் ஆறு பேர் வந்து நின்றால், 'அடேயப்பா, ரொம்ப வெளிச்சம்' என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பலாகும், முகங்கள் கரியாகும். அடுத்துக் கறுப்புக் கோட்டு போட்ட அலுவலக நண்பர்கள் வந்தால் கதை தலைகீழ்: கோட்டு சாம்பலாகும், முகம் வெளுத்துப்போகும். ஒரே அத்தை மூன்று கூட்டத்தோடு மூன்று தடவை நின்றால் மூன்று நிறத்தில் வருவார். வீட்டுக்குப் போனதும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைப்பார். பூத்காரர் பெயர் அங்கேயே கெடும்.

பூத்தைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரிந்திருந்தது. சைபீரியாவிலிருந்து அமெரிக்கா போன அனத்தோல் ஜோசஃபோ, 1925-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'ஃபோட்டோமேட்டன்' என்ற பெட்டியை வைத்தார். 25 காசு போட்டால் எட்டுப் படம். சுமார் எட்டு நிமிடத்தில் கழுவி உலர்ந்து வெளியே விழும். இரண்டே ஆண்டில் அந்தக் காப்புரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அந்தப் பெட்டிக்குள் விளக்கு நகராது, லென்ஸ் நகராது, தூரம் மாறாது. முன்கூட்டியே ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் அமைச்சர் உட்கார்ந்தாலும் ஆட்டுக்காரர் உட்கார்ந்தாலும் ஒரே கணக்கு. உள்ளே வருகிறவர் மாற்ற வேண்டியது முக்காலியின் உயரத்தை மட்டும்தான். நம் பூத்தில் சுவர்கள் இல்லை, திரை இல்லை, பொம்மைக் கண்ணாடியும் தொப்பியும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் வேலையின் அடிப்படை மாறவில்லை. எல்லாவற்றையும் கையால் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

ஃபிளாஷ் வைத்து எடுப்பவர்களுக்கு என் கணக்கு இது: ஐஎஸ்ஓ 200 அல்லது 400, ஷட்டர் 1/125 அல்லது 1/160, துளை எஃப் 8. வைட் பேலன்ஸை ஃபிளாஷுக்கு, அதாவது 5500 கெல்வினுக்கு, நிறுத்திவிட வேண்டும். அதை ஆட்டோவில் விட்டால் மஞ்சள் பட்டும் அரக்குப் பட்டும் கூட்டமாக வரும்போது கேமரா அதைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பி முகங்களில் நீலம் பூசிவிடும்.

ஷட்டரைப் பற்றித்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். ஃபிளாஷின் வெளிச்சம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போய்விடுகிறது. ஷட்டர் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஷட்டர் கட்டுப்படுத்துவது மண்டபத்து விளக்குகளை. டீஜே போடுகிற ஊதா, பச்சை வெளிச்சமெல்லாம் மணப்பெண் கன்னத்தில் ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் 1/30-க்கு இறங்கக் கூடாது. அதற்காக 1/500-க்கு ஏற்றினால் பெரும்பாலான கேமராக்களில் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

துளைக்கு எஃப் 8 ஏன்? நம் ஆட்கள் தனியாக வருவதில்லை. ஏபிஎஸ்-சி கேமரா, 35 எம்எம் லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 2.8-இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 35 சென்டிமீட்டர். ஜோடிக்கு அது போதும். பாட்டியை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துப் பேரன்கள் பின்னால் நின்றால் பாட்டியோ பேரன்களோ, யாரோ ஒருவர் கலங்கித்தான் வருவார்கள். எஃப் 8-இல் அந்த ஆழம் ஒரு மீட்டர் ஆகிறது, ஏறக்குறைய 1.6-லிருந்து 2.6 மீட்டர் வரை. ஆகவே ஃபோகஸையும் கையாலேயே ஒரு தடவை வைத்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடலாம். தரையிலும் ஒரு டேப் ஒட்டலாம். யாரும் அதை மதிக்கமாட்டார்கள், பரவாயில்லை, ஒரு மீட்டர் இருக்கிறதே. குடும்பம் பெரிது என்று லென்ஸை 18 எம்எம்முக்கு விரிக்க மட்டும் வேண்டாம். ஓரத்தில் நிற்கும் சித்தி இரண்டு மடங்கு அகலமாவார். அப்புறம் சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

விளக்கைக் கிட்டே வைத்தால் எல்லோருக்கும் பிரகாசம் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். விளக்கு முன்வரிசைக்கு ஒன்றரை மீட்டரிலும் பின்வரிசைக்கு இரண்டரை மீட்டரிலும் இருந்தால், முன்னால் இருப்பவருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் பின்னால் போய்ச் சேரும். விளக்கை மூன்று மீட்டருக்குத் தள்ளினால் பின்வரிசைக்குப் பாதிக்கு மேல் கிடைக்கும். பெரிய குடை, தள்ளி, கொஞ்சம் உயரத்தில்: மூக்குக்கண்ணாடியில் பிரதிபலிக்காது, ஒட்டியாணமும் சரிகையும் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்காது.

இனி வெளிச்சத்தின் அளவு. நான் வலியுறுத்துவது இதைத்தான். ஆளை அளக்கக் கூடாது; ஆள்மேல் விழும் வெளிச்சத்தை அளக்க வேண்டும். கையில் பிடிக்கும் மீட்டர் இருந்தால் அதை முகம் இருக்கும் இடத்தில் வைத்துக் கேமராவை நோக்கிப் பிடித்து அளந்துவிடலாம். இல்லாதவர்களுக்கு ஆட்டோவை ஏமாற்றிய அந்த வேட்டியே வழிகாட்டி. உதவியாளரை வெள்ளை வேட்டி கட்டி நிற்கச் சொல்லுங்கள். கேமராவில் 'ஹைலைட்' எச்சரிக்கையைப் போட்டுவிட்டு, வேட்டி மினுக்கி மினுக்கிக் காட்டும்வரை ஃபிளாஷைக் கூட்டுங்கள். பிறகு அந்த மினுக்கல் நிற்கும்வரை மட்டும் குறையுங்கள். வேட்டியின் இழை தெரிய வேண்டும், ஆனால் வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டும். அங்கே பூட்டிவிடுங்கள். இதற்குமேல் யார் வந்து நின்றாலும் அவரவர் நிறம் அவரவருக்கு.

கேமரன் மலையில் இது வெறும் நுணுக்கப் பேச்சு அல்ல. ஒரே படத்தில் சீன நண்பர், மலாய்க்கார ஆசிரியை, தோட்டத்து மாமா, ஒராங் அஸ்லி தோழர் எல்லோரும் தோளில் கைபோட்டு நிற்பார்கள். புகைப்படத் தொழில் நெடுங்காலம் இப்படிப்பட்ட கூட்டத்துக்காகக் கணக்குப் போடவே இல்லை. கோடாக் நிறுவனம் உலகெங்கும் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் அட்டை பரவலாக வந்தது 1990களில்தான்.

நம் பழைய அடையாள அட்டைப் படங்களைப் பார்த்தாலே அது தெரியும். மலாயாவில் 1948-இல் அவசரகாலம் வந்தபோது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை கட்டாயமானது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தோட்டம் போன்ற இடங்களில் லயத்தில் வாழ்ந்தவர்களில் பலர் முதன்முதலாகக் கேமரா முன்னால் நின்றது அதற்காகத்தான் இருக்கும். வரிசையாக நில், ஒரே இடம், ஒரே வெளிச்சம், அடுத்த ஆள் வா! யோசித்துப் பார்த்தால் தோட்டத்துக்கு வந்த முதல் பூத் அது. சிரிக்கச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

மலைக்கென்று சில தொல்லைகள் உண்டு. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் நன்றாகக் குளிரும். சாமான்களை ராத்திரி முழுக்க வேனில் போட்டுவிட்டு, முந்நூறு பேர் மூச்சும் சாம்பாரின் ஆவியும் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்து உடனே பெட்டியைத் திறந்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும். பிரிண்டருக்குள்ளும் பூக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. பெட்டியை மூடியபடியே உள்ளே வைத்து, மண்டபத்துச் சூட்டுக்கு அது வந்த பிறகு திறக்க வேண்டும். வெளிவராந்தாவில் பூத் வைப்பவர்கள் மூடுபனியையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேமராவின் தலைமேலேயே ஃபிளாஷ் இருந்தால் லென்ஸுக்கு நேர் எதிரே உள்ள பனித்துளியெல்லாம் வெளிச்சம் வாங்கிப் படத்துக்கு வெள்ளைத் திரை போட்டுவிடும். விளக்கைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி வைத்தால் அது பெருமளவு குறையும்.

இன்னொன்று பச்சைத் திரை. பின்னால் பச்சைத் துணி கட்டி, கணினியில் அதை அழித்துத் தேயிலைமலையை வைத்துக்கொடுக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அசல் மலை நிற்கிற ஊரில் இது எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை. அது கிடக்கட்டும். நம் கல்யாணத்தில் கிளிப்பச்சைப் பட்டு இல்லாமல் இருக்குமா? பச்சைப் புடவை கட்டிய பெரியம்மா வந்து நின்றால், தலையும் கையும் மட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மிதக்கும். வேண்டுமென்றால் நீலத் திரையும் ஒன்று கொண்டுபோங்கள். எந்த நிறம் கட்டலாம் என்பதைப் பெண்வீட்டாரின் புடவைகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுற்றிச் சுழலும் 360 வீடியோ பூத்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான மண்டபத்து விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். 120 ஃபிரேமில் மெதுவோட்டம் எடுத்தால் படம் படபடக்கும். 100 ஃபிரேமுக்கு மாற்றினால் அடங்கும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. பேட்டரிக்குப் பதில் மின் அடாப்டர், தானாக அணையும் வசதி நிறுத்தம், ஃபிளாஷ் முழுச் சக்தியில் அல்லாமல் கால் பங்கில், அப்போதுதான் அடுத்த 'மூணு, ரெண்டு, ஒண்ணு'க்குள் அது தயாராகும். ஜேபெக்கை நடுத்தர அளவில் வையுங்கள். நாலுக்கு ஆறு அங்குல அச்சுக்கு 1800-க்கு 1200 புள்ளிகள் போதும்; 24 மெகாபிக்சலைக் கம்பி வழியே இழுத்துக் கணினியைத் திணறவைத்து யாருக்கு என்ன லாபம்?

கடைசியாக அந்த 'பியூட்டி' பொத்தான். சில ஐபேட் பூத்துகளில் முகத்தை வழவழப்பாக்கி வெளுப்பாக்கும் வசதி முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கும். நான் முதலில் அதைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவேன். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "ஆண்டிங்க கேக்குறாங்கண்ணே, கொஞ்சம் வெள்ளையாப் போடச் சொல்லி" என்றார். கேட்கத்தான் செய்வார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது வெள்ளை நிறத்தை அல்ல. கண்குழியிலும் தாடைக்குக் கீழேயும் விழுந்திருக்கும் நிழலைத்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மேலே இருக்கும் குடையைக் கொஞ்சம் இறக்குங்கள். இடுப்பளவில், படத்தில் விழாதபடி, ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள். மேலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணுக்குள் ஏறும். பிறகு அந்த ஆண்டியையே மறுபடி கூப்பிட்டு ஒரு படம் எடுத்து, திரையில் காட்டாமல் அச்சடித்துக் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகும் வெளுப்பு வேண்டும் என்றால் பொத்தானைத் தொடலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.