கோழிக்கூட்டின்மேற் கிடந்த விமானம்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் வரலாற்றுக் கண்காட்சியொன்று நடைபெற்றது. வீட்டிலுள்ள பழம்பொருள்களைக் கொண்டு வருமாறு மாணவர்களைக் கேட்டிருந்தேன். வெற்றிலைத் தட்டம், ஏட்டுச்சுவடி, ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு எனப் பல பொருள்கள் வந்து சேர்ந்தன. சீனன்குடாப் பக்கத்திலிருந்து வரும் மாணவனொருவன் மட்டும் சாக்கிலே சுற்றிய உலோகத் தகடொன்றைத் தோளிற் சுமந்து வந்தான்.

"சேர், இது யப்பானியருடைய விமானத்தின் துண்டு. எண்ணெய்த் தாங்கியின்மேல் விழுந்ததே, அந்த விமானம். எங்கள் பூட்டனார் எடுத்து வந்து வைத்தாராம்" என்றான்.

ஒரு முழ அகலமும் இரண்டு முழ நீளமும் உள்ள தகடு அது. ஓரங்களில் வரிசையாக ஆணித்துளைகள். நெடுங்காலம் அவர்கள் வீட்டுக் கோழிக்கூட்டிற்குக் கூரையாக இருந்ததாம். 1990ஆம் ஆண்டு குடும்பத்தார் இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்தபோது வீட்டிற் கதவுமில்லை, நிலையுமில்லை. ஒருவரும் மதியாத காரணத்தால் இத்தகடு மாத்திரம் தப்பிக் கிடந்தது.

எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. உடனே அட்டையொன்றை எடுத்து, "1942இல் திருகோணமலையைத் தாக்கிய யப்பானிய விமானத்தின் பகுதி" என்று அழகாக எழுதித் தகட்டின் அருகே வைத்தேன். வாசகர்களே, இக்கட்டுரை அந்த அட்டையைப் பற்றியது. அதில் நான் எழுதியது பிழை.

அந்தத் தாக்குதலின் வரலாறு எங்கள் பகுதியில் பாட்டிமார் வாய்மொழியாக இன்றும் வாழ்கிறது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாட் காலை, அட்மிரல் நகுமோவின் 5 விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட சுமார் 130 விமானங்கள் துறைமுகத்தின்மீதும் சீனன்குடா விமானத்தளத்தின்மீதும் பாய்ந்தன. பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணி ஹரிக்கேன் விமானங்களுடன் எதிர்த்து நின்றது. 273ஆம் அணியின் ஃபுல்மார் விமானங்களும் அத்தளத்திலேயே இருந்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில், தன் விமானங்களைச் சீனன்குடாவில் இறக்கிவிட்டு வெறுந்தளத்தோடு சென்ற "ஹேர்மிஸ்" என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்ட உயிர்களோடு மூழ்கிற்று. யப்பானிய விமானமொன்று எண்ணெய்த் தாங்கியொன்றின்மேல் வீழ்ந்தது என்பதும், அத்தீ நாட்கணக்காக எரிந்தது என்பதும் எங்கள் பகுதிச் சிறுவர் அனைவரும் கேட்டு வளர்ந்த கதை.

கண்காட்சியின் இரண்டாம் நாள், ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளர் ஒருவர் வந்தார். அட்டையைப் படித்தார். தகட்டைக் குனிந்து பார்த்தார். பின்பு, "மாஸ்டர், இது யப்பானியருடையது என்பதை எதனால் அறிந்தீர்கள்?" என்று பணிவாகக் கேட்டார்.

என்னிடம் விடையில்லை. மாணவன் சொன்னான், அவனுக்கு அவன் பாட்டி சொன்னார் என்பதைத் தவிர ஆதாரம் ஒன்றுமில்லை. மாணவர் விடைத்தாளில் ஆதாரம் எங்கே என்று சிவப்பு மையினாற் கேட்கும் நான், அன்று தலைகுனிந்தேன்.

பழைய விமானங்களை இனங்காண்பதற்கெனச் சில வழிகள் உண்டு. முதலாவது இலக்கம். பிரித்தானியப் போர்விமானம் ஒவ்வொன்றிற்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த தனி இலக்கம் இருந்தது. அவ்விலக்கம் கிடைத்தால் அதன் பிறப்பும் வாழ்வும் ஏடுகளிலிருந்து வெளிப்படும். லண்டன் விமானப்படை நூதனசாலை 1974இற் பெற்ற லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் இலக்கம் கே.என்.751. அது 1945இற் கொக்கோஸ் தீவிலிருந்து பறந்ததும், பின்னர் இந்திய விமானப்படையிற் பல்லாண்டு சேவை புரிந்ததும் அவ்விலக்கத்தாலேயே தெரியவந்தன.

இலக்கம் கிடையாதபோது, உறுப்புகளிற் குத்திய முத்திரைகளையும் தகட்டில் அச்சிட்ட எழுத்துகளையும் தேடுதல் வேண்டும். அவற்றோடு உட்புறப் பூச்சின் நிறத்தையும் நோக்குதல் வேண்டும். வெளிப்புற நிறம் பலமுறை மாற்றப்படும். உட்புறத்தைச் சாதாரணமாக எவரும் மாற்றார். யப்பானியர் தம் விமானங்களின் உட்புறத்திற்கு நீலமும் பச்சையும் கலந்த, ஒளி ஊடுருவும் மெல்லிய அரக்குப் பூச்சைப் பெரிதும் இட்டனர். பச்சை மூங்கிலைப் போன்றதாகையால் "அவோதாகே" என்பது அதன் பெயர். பிரித்தானியர் சாம்பல் கலந்த பச்சையையும், அமெரிக்கர் துருவைத் தடுக்கும் மஞ்சட்பச்சைப் பூச்சையும் இட்டு வந்தனர்.

பெரியவரும் மாணவனும் நானும் அன்று மாலை, நீரில் நனைத்த மெல்லிய துணியினால் தகட்டின் உட்புறத்து அழுக்கை மெதுவாக ஒற்றி எடுத்தோம். மூங்கில் நிறம் தோன்றவில்லை. மஞ்சட்பச்சை தோன்றிற்று. பூச்சு உதிர்ந்த ஓரத்தில், மங்கிய மையிலே சில ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: "ஆல்கிளாட் 24எஸ்-டி". உறுதியான உலோகக் கலவையின் இருபுறமும் தூய அலுமினியத்தை மென்தோலாகப் போர்த்தி அமெரிக்க ஆலைகள் செய்த தகட்டின் பெயர் அது. உப்புக் காற்றிலும் மழையிலும் பல்லாண்டு கிடந்தும் அத்தகடு அரியாமல் இருந்ததற்கு அந்த மென்தோலே காரணம்.

ஆகவே அது யப்பானிய விமானமன்று. அமெரிக்காவிற் செய்யப்பட்ட விமானத்தின் பகுதி. யுத்தத்தின் பிற்பகுதியிற் சீனன்குடா அத்தகைய விமானங்களால் நிறைந்திருந்தது. கட்டலீனா, லிபரேட்டர், கோர்செயர், ஹெல்கட், அவெஞ்சர் ஆகியன வந்து சென்றன. 1944 ஓகஸ்ட் 10ஆம் நாள், 50க்கு மேற்பட்ட பி-29 பெருவிமானங்கள் இங்கிருந்தே சுமாத்திராவிலுள்ள பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்டன.

மாணவனின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் பூட்டனார் பொய் சொன்னாரா, சேர்?" என்று கேட்டான். இக்கேள்விக்குத்தான் நான் மிகவும் அஞ்சினேன். பொய் வேறு, கதை வழிமாறுதல் வேறு. எரிந்த தாங்கியைக் கண்ட ஒருவர், அதே தளத்திலிருந்து ஒரு தகட்டையும் கொண்டு வந்தார். இரண்டு உண்மைகளையும் மூன்று தலைமுறை நாவுகள் ஒன்றாகத் தைத்துவிட்டன. அவ்வளவே.

எங்கள் ஊரார் இதனை எளிதில் உணர்வர். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டினர். அக்கோட்டை வாயிலில் இணைக்கயலும் தமிழெழுத்தும் பொறித்த கல் இன்றும் நிற்கிறது. கோட்டைச் சுவரில் அமர்ந்திருப்பினும் அது கோயிற் கல்லே என்று சாட்சி சொல்வது எழுத்தன்றோ? அவ்வெழுத்தின்மேற் சுண்ணாம்பு பூசினால் சாட்சியின் வாயை அடைத்தவர்களாவோம்.

பெரிய நூதனசாலைகளும் இப்பிழையைச் செய்து திருந்தியுள்ளன. இங்கிலாந்தில் யோவில்டன் என்னும் ஊரிலுள்ள கடற்படை விமான நூதனசாலைக்கு 1963இல் கே.டி.431 என்னும் கோர்செயர் வந்தது. பார்வைக்கு அழகாகப் புதிய வர்ணம் தீட்டி நிறுத்தினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள வல்லுநர், அந்த 1963ஆம் ஆண்டு வர்ணத்தை மட்டும் சிறுகச் சிறுக நீக்கினர். ஏறத்தாழ ஐந்து ஆண்டு உழைத்தபின், 1944ஆம் ஆண்டின் மெய்யான பூச்சு அடியிலிருந்து வெளிவந்தது. இன்று அது தேய்ந்தும் மங்கியும் நிற்கிறது. ஆயினும் புத்தம் புதிதாகப் பளபளக்கும் பத்து விமானங்களினும் அதுவே மதிப்புடையது.

எஞ்சியவை எவ்வளவு அரியன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். யுத்தம் முடிந்ததும், அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்ற விமானங்கள் பலவற்றைக் கடலிலே தள்ளினர். ஏனையவை பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. சீனன்குடாவிற் பறந்த ஃபுல்மார் இனத்தில் உலகெங்கும் முழுமையாக எஞ்சியது ஒன்றே, என்.1854 என்னும் அது யோவில்டனிலேயே உள்ளது. எம்மைத் தாக்க வந்த நக்கஜிமா குண்டுவீச்சு விமானங்களில் முழுமையானது ஒன்றேனும் இன்று இல்லை. எமது நாட்டில் இரத்மலானையிலுள்ள விமானப்படை நூதனசாலை, 1951இல் தொடங்கிய றோயல் சிலோன் விமானப்படையின் டைகர் மோத், சிப்மங்க், பாலியோல் முதலிய விமானங்களைக் காத்து வருகிறது. கொழும்புக்குச் செல்லும் மாணவர் அவசியம் காணத்தக்க இடம் அது.

போர்க்கருவியைப் பேணுவானேன் என்று சிலர் கேட்கலாம். விமான இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அக்கருவிகளின்மேல் எனக்கு ஆசையில்லை. ஆனால் நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்திற்குச் சென்று பாருங்கள். இருபது, இருபத்தொரு வயதுடைய பிள்ளைகளின் பெயர்கள் கல்லில் வரிசையாக நிற்கின்றன. எவன் எதில் ஏறிச் சென்றான், எங்கே வீழ்ந்தான் என்பதை ஒரு தகடு சொல்லக்கூடும். பொய்யான அட்டை, அந்தப் பிள்ளையின் தாய்க்கு எழுதிய பொய்க் கடிதத்துக்கு ஒப்பாகும்.

ஆகையால் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ இத்தகைய தகடு கிடந்தால், குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; எழுத்தும் பூச்சும் அழிந்துபோம். இருந்தபடியே புகைப்படம் எடுங்கள். எங்கே கிடைத்தது, யார் எடுத்தார், யார் சொன்னார் என்பவற்றைத் திகதியுடன் எழுதுங்கள். பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். குண்டு, சன்னம் போன்றவை காணப்பட்டால் மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். விலகி நின்று பொலிசாருக்கு அறிவியுங்கள்.

கண்காட்சியின் மூன்றாம் நாட் காலை பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதிய அட்டை எழுதினேன்: "அமெரிக்காவிற் செய்யப்பட்ட விமானமொன்றின் தகடு. இரண்டாம் உலக யுத்த காலம். சீனன்குடாவில் ஒரு குடும்பத்தாராற் பேணப்பட்டது."

மாணவன் சற்று நேரம் அதனைப் பார்த்து நின்றான். பிறகு, "சேர், பூட்டனார் சொன்னதையும் கீழே எழுதலாமா? அவர் சொன்னார் என்றே எழுதுவோம்" என்றான்.

பேனாவை அவன் கையிற் கொடுத்தேன். "குடும்பத்தார் வழிவழியாகக் கூறுவது: யப்பானிய விமானத்தின் துண்டு" என்று அவன் தெளிவாக எழுதினான். நான் எழுதிய முதல் அட்டையினும் அது எவ்வளவோ மேலானது.